ஒத்தும் உழைப்பும்

கேள்வி: எங்கள் குழுவில் எல்லோரும் இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்துத்தான் வேலை பார்க்கிறோம். இதனால் ஒத்துழைப்பும் வேலைத் திருப்தியும் கூடுமா, குறையுமா?

பதில்: 'ஒத்துழைப்பு' என்பதைப் பிரித்தால் முன்னால் நிற்பது ஒத்து. (இலக்கண ஆசிரியர்கள் அடிக்க வரவேண்டாம், விளையாட்டுக்குத்தான்.) நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை விடாமல் ஊதுவாரே, அவர் கையில் இருப்பதும் ஒத்துதான். பாவம், 'ஒத்து ஊதுகிறான்' என்ற வசவு அவர் தலையில் விழுந்தது. பிறகு சுருதிப்பெட்டி வந்து அவருடைய வேலையையும் பறித்தது. ஆக, ஆமாம் போடுவதில் இயந்திரத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. சுருதிப்பெட்டியாவது சுருதி தப்பாது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம், சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருந்த ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றதே, ஏன்? அது அளவுக்கு மீறி ஒத்து ஊதியதால்தான்.

குழுவில் இது எப்படிக் கெடுக்கும்? ஐந்து பேரும் கூட்டத்துக்கு முன்பே செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டுவிட்டு வந்தால், ஒரே யோசனை ஐந்து நடையில் மேஜைக்கு வரும். எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒத்துழைப்பு அமோகம் என்று தோன்றும். முதல் பத்து நிமிடம் கருவியை மூடிவைத்துத் தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, "இது தோற்றால் எதனால் தோற்கும்?" என்று கேளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் கிடைப்பது ஒத்துதான்.

திருப்தி விஷயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் எனக்கு எழுதுகிறார்கள். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் 776 பேரை வைத்து நடந்த சோதனையில், கருவி வைத்திருந்த தனியாள் கருவியில்லாத இருவர் அணிக்கு ஈடுகொடுத்தார், உற்சாகமாகவும் இருந்தார். உண்மைதான், ஆனால் அது ஒருநாள் பட்டறை. ஒருநாள் கூத்தில் யாருக்குத்தான் உற்சாகம் வராது? எதிர்க்கட்சி காட்டுவது, கருவி வந்த ஓர் ஆய்வகத்தில் விஞ்ஞானிகளில் 82 சதவீதம் பேருக்குத் திருப்தி குறைந்தது என்று எம்ஐடி மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை. அதன் தரவில் நம்பிக்கை இல்லை என்று அமெரிக்காவின் அந்த எம்ஐடி பல்கலைக்கழகமே 2025 மே மாதம் கைகழுவிவிட்டது. அதை இனி எனக்கு அனுப்பாதீர்கள்.

திருப்தியைத் தின்பது வேலைப் பங்கீடு. எழுதும் சுகம் கருவிக்கு, சரிபார்க்கும் சலிப்பு மனிதனுக்கு. அதிலும் எழுத வைத்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்றால் சண்டை நிச்சயம்: அனுப்பியவருக்குப் பத்து நிமிடம் மிச்சம், வாங்கியவருக்கு ஒரு மணி நேரம் தண்டம். அனுப்புகிறவரே ஒவ்வொரு எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தன் பெயரைப் போடட்டும்.

என் பழைய எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன்: கருவி எழுதும் கூட்டக் குறிப்பு. ஒருவர் "பார்க்கலாம்..." என்று இழுத்தால் அது 'ஒப்புக்கொண்டார்' என்று பதிந்துவிடும். தமிழில் 'பார்க்கலாம்' சம்மதமா மறுப்பா என்பது இழுவையின் நீளத்தில் இருக்கிறது. எழுத்தில் அது ஏறாது. கூட்டம் கலைவதற்குள் முடிவுகளை ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும். இழுத்தவர் அப்போது மறுபடியும் இழுப்பார்.