வாசல் வேம்பும் தென்கிழக்கு நீரூற்றும்

கேள்வி: பட்டர்வொர்த்தில் மேற்கு பார்த்த கார்னர் லாட் வீடு வாங்கியிருக்கிறோம். வாசலுக்கு நேரே பெரிய வேப்பமரம் நிற்கிறது. ஃபெங் சுய் (சீன மனையடி சாஸ்திரம்) ஆலோசகர் அதை வெட்டிவிட்டுத் தென்கிழக்கு மூலையில் நீரூற்று வைக்கச் சொல்கிறார். நீரூற்றையும் அவரே தருவாராம், 2,800 ரிங்கிட். மாமியாரோ அது அக்னி மூலை, தண்ணீரே ஆகாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி

பதில்: முதலில் மரத்தை வெட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வாசலுக்கு நேரே மரம் நின்றால் வீட்டுக்குள் வரும் உயிர்ச்சக்தி தடைபடும் என்று ஃபெங் சுய் சொல்வது உண்மைதான். ஆனால் வளைந்து வரும் பாதையில்தான் அந்தச் சக்தி நிதானமாக வந்து சேரும் என்பதும் அதே சாஸ்திரம்தான். நடைபாதை போடும்போது மரத்தைச் சுற்றி வளைத்துப் போடுங்கள். தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் காற்றும் வரும். இவ்வளவு எளிய வழி இருக்க, வெட்டு என்று சொன்னவர்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த விதிகள் பிறந்த சீனத்தில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கடுங்காற்று வீசும். அதனால் வீட்டுக்குப் பின்னே வடக்கில் மலையும், முன்னே தெற்கில் வெயிலும் தேடினார்கள். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு ஐந்தே டிகிரி வடக்கில். குளிர்காற்றுக்கு இங்கே யார் பயப்படுகிறார்கள்? நம்மை வாட்டுவது பிற்பகல் மேற்கு வெயில். உங்கள் ஹாலுக்கும் அந்த வெயிலுக்கும் நடுவே நிற்பது அந்த வேம்பு.

ஒருநாள் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் லீத் தெருவுக்குப் போய், சீன வணிகர் சியோங் பாட் சீயின் நீல மாளிகையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபெங் சுய் பார்த்தே கட்டியது. நடு முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கும். மழை உள்ளே இறங்கும், சூடு மேலே போய்விடும். இந்த ஊர் வெயிலையும் மழையையும் கவனித்துக் கட்டியவர்கள் அவர்கள். உங்கள் ஆலோசகர் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்றாவது கேட்டாரா?

சரி, நீரூற்று. ஃபெங் சுய்யில் தென்கிழக்கு செல்வ மூலை. சீனர்களின் ஐம்பூதங்களில் அதற்குரியது மரம், நீர் மரத்தை வளர்க்கும் என்பது கணக்கு. வாஸ்துவில் அது அக்னி, நீருக்கு ஈசானியம், அதாவது வடகிழக்கு. இரண்டு கணக்கையும் அந்த ஒரு தொட்டியில் சேர்க்க முடியாது. மரத்துக்குரிய மூலையில் செடி வைத்தாலே ஃபெங் சுய்க்குப் போதும், தண்ணீர்த் தொட்டி இல்லாததால் மாமியாருக்கும் மனக்குறை இருக்காது. செம்பருத்தியோ கறிவேப்பிலையோ நடுங்கள். அந்த 2,800 ரிங்கிட்டைக் கொடுக்காதீர்கள். மூலை குறிப்பவரே அந்த மூலைக்கான சரக்கையும் விற்றால் அந்த யோசனையை நான் நம்ப மாட்டேன்.

தண்ணீர் வேண்டும் என்று ஆசையிருந்தால் வடகிழக்கில் சின்னதாக வையுங்கள், ஓடிக்கொண்டே இருக்கட்டும். தேங்கிய நீரை ஃபெங் சுய்யும் விரும்பாது. மோட்டார் நின்றால் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கி பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாகிவிடும். வீட்டில் கொசு வளரவிட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்குத்தான் அபராதம். வெளியூர் போகும்போது தொட்டியைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.