வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, கணவர் அடித்து 'வெளியே போ' என்கிறார். போகத்தான் வேண்டுமா?

வேண்டாம். துணிப்பையை வாசலில் வீசிவிட்டார் என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து உங்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. வெளியேற்றுவதென்றாலும் சட்டப்படிதான் செய்ய வேண்டும். பத்திரம் மாமியார் பெயரில் இருந்தாலும் உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இந்தச் சட்டத்தின் கீழ் உதவ நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மாஜிஸ்திரேட்டிடம் மனு போட உதவுவார். பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை.

அப்புறம், காயத்தை இன்றே போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், போனைப் பிடுங்கிவிடக்கூடும். இன்றிரவே பயமாக இருந்தால் காத்திருக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.