மிளகாய்த்தூள் பறக்கும் கூடத்தில் எந்தக் கணினி தாங்கும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே வெருலத்தில் சிறிய மசாலா ஆலை நடத்துகிறோம். அரைக்கும் கூடத்தில் நான்கு கணினிகள். தராசிலிருந்து எடையை வாங்கி லேபிள் அடிப்பதுதான் அவற்றின் வேலை. ஆறேழு மாதத்துக்கு ஒன்று கெட்டுப்போகிறது. இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் போதுமா, தின் கிளையன்ட் (நிரல்கள் சர்வரில் ஓட, திரையையும் விசைப்பலகையையும் மட்டும் கையாளும் சிறு கணினி) வாங்க வேண்டுமா?

பதில்: பூட்டாதீர்கள். உங்கள் கணினியைக் கொல்வது விசிறி. அது இழுக்கும் காற்றோடு மிளகாய்த்தூளும் உள்ளே போகிறது. மசாலாத் தூளில் எண்ணெய்ப் பசை உண்டு, சூட்டை வெளியேற்றும் தகட்டில் படிந்தால் ஊதினாலும் போகாது. தூசுக்குப் பயந்து பெட்டியில் அடைத்தால் சூடு வெளியேற வழியில்லை. 40 செ.மீ. சதுரமும் 20 செ.மீ. ஆழமும் உள்ள இரும்புப் பெட்டியைச் சுவரில் மாட்டினால், உள்ளே 65 வாட் கணினி ஓடும்போது வெப்பம் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 25 டிகிரி கூடும். டர்பன் பக்கத்துக் கோடையில் கூடம் 34 டிகிரி என்றால் பெட்டிக்குள் 59. அதே பெட்டியில் 10 வாட் தின் கிளையன்ட் வைத்தால் 4 டிகிரிதான் கூடும். விசிறியும் சுழலும் டிஸ்க்கும் இல்லாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நிரல்களும் கணக்கும் அலுவலக அறையிலுள்ள சர்வரில் இருக்கும், கூடத்தில் ஒன்று பழுதானால் இன்னொன்றை மாட்டி வேலையைத் தொடரலாம்.

பெட்டி இல்லாமல் வைப்பதானால் ஐபி65 தரம் கேளுங்கள். 6 என்றால் தூசு புகாது, 5 என்றால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். பயன்படுத்தாத துளைகளை மூடாமல் விட்டால் அந்தத் தரத்துக்கு அர்த்தமில்லை. கேபிள்கள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். சுத்தம் செய்யக் கம்ப்ரசர் காற்று வேண்டாம், ஈரத்துணி போதும். நுண்ணிய மசாலாத் தூள் காற்றில் அடர்ந்தால் தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. அரவை இயந்திரத்தின் வாயருகே எந்த மின் கருவியை வைப்பதானாலும், முதலில் அந்த இடத்தை எஸ்ஏஎன்எஸ் 10108 (வெடி அபாயமுள்ள இடங்களுக்கான தென்னாப்பிரிக்கத் தரவிதி) விதிப்படி வகைப்படுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் கணினியைத் தள்ளியே வையுங்கள்.

பலர் இடறுவது தராசில்தான். பழைய தராசுகளுக்கு ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட் வேண்டும், பல தின் கிளையன்ட்களில் அது இருக்காது. யுஎஸ்பி மாற்றி போட்டாலும், இணைப்பு அறுந்து மீளும்போது சர்வருக்கு எடை வராமல் போவதுண்டு. தராசைச் சீரியல்-ஈதர்நெட் மாற்றி (சீரியல் போர்ட்டை நெட்வொர்க்கில் சேர்க்கும் கருவி) வழியாக நேரே சர்வருக்கு இணைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்றை மட்டும் வாங்கி, உங்கள் தராசோடும் லேபிள் பிரிண்டரோடும் இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மற்ற மூன்றை வாங்குங்கள்.

விலையை ஒப்பிடும்போது விண்டோஸ் சர்வரானால் ஒவ்வொரு முனைக்கும் (தின் கிளையன்ட்டுக்கும்) அல்லது ஒவ்வொரு பயனருக்கும் ஆர்டிஎஸ் உரிமம், அதாவது சர்வரில் நெட்வொர்க் வழியே வேலை செய்வதற்கான உரிமம், வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சர்வர் நின்றால் நான்கும் நிற்கும், ஆகவே சர்வருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம். நான்கு முனைகள், திரைகள், ஸ்விட்ச், சர்வர் எல்லாம் சேர்ந்து சுமார் 300 வாட். இரண்டு மணி நேர மின்வெட்டைத் தாண்ட 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஈய-அமில பேட்டரி இரண்டு வேண்டும். ஒன்றையே முழுதாக வடியவிட்டால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். செம்பு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் ஃபைபர்.

ஆர்டரில் “மசாலாத் தூசு உள்ள கூடம், 35 டிகிரி” என்று எழுதிக் கொடுங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, இத்தகைய பொருளை வழக்கமாக விற்பவரிடம் தேவையைக் குறிப்பிட்டுச் சொல்லி வாங்கினால், அது அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்போ மாற்றோ பணமோ கேட்கலாம். கம்பெனியாகப் பதிந்திருந்தால், சொத்து மதிப்பும் ஆண்டு விற்பனையும் இரண்டுமே 20 லட்சம் ரேண்டுக்குள் இருந்தால்தான் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். அதைத் தாண்டியிருந்தால் இதே வாசகத்தை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.