அக்காவிடம் கேட்டீர்களா?

கேள்வி: ஒரு மருத்துவமனைக்காக சாட்பாட் வடிவமைக்கிறேன். 'மலர்' என்று பெயர் வைத்து, கனிவான பெண்குரலும் கொடுத்திருக்கிறோம். ஏன் பெண்தானா என்று அலுவலகத்தில் ஒரு தோழி சண்டைக்கு வருகிறார். பெண் என்றால்தானே நோயாளிகள் மனம்விட்டுப் பேசுவார்கள்? அம்மாவுக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ். அக்கா எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் 'பதறாத, நான் பக்கத்துலதான் இருக்கேன்' மாதிரியான செய்திகளைத்தான் மலருக்கு ஆறுதல் வரிகளாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவு இயல்பு! நான் செய்தது சரிதானே?
- கோவை வாசகர்

பதில்: பெயர், குரல் எல்லாம் அப்புறம் பார்ப்போம் தம்பி. 'பதறாத' என்று அக்கா யாருக்கு எழுதினார்? உங்களுக்குத்தானே! அம்மாவின் கட்டிலருகே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர், எங்கேயோ ஏசி அறையில் இருக்கும் உங்களைத் தேற்றியிருக்கிறார். நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? கைகூப்பும் எமோஜியா? எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வரியைத் தூக்கி மலரின் வாயில் வைத்துவிட்டு, 'இயல்பு' என்று மெச்சுகிறீர்கள். அது இயல்பு இல்லை, உழைப்பு. பெற்றவளைப் பார்த்துக்கொள்வதில் மகளுக்கு ஒரு பங்கு, மகனுக்கு ஒரு பங்கு என்று நான் பிரிப்பதில்லை.

உங்கள் தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1966-இல் கணினி விஞ்ஞானி ஜோசப் வெய்சன்பாம் உருவாக்கிய 'எலிசா' என்ற ஆரம்பகாலச் சாட்பாட்டுக்குப் பெண் பெயர் உண்டு, குரல் கிடையாது. நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அதனிடம் பேச ஆரம்பித்த அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டார். கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும், மனுஷர்கள் பேசுவார்கள். பெண் என்றே வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கெட்ட வார்த்தையில் திட்டினால், 'முடிந்தால் வெட்கப்பட்டிருப்பேன்' என்றது ஆப்பிள் போனில் பேசும் உதவியாளரான 'சிரி' (Siri). 2019-இல் யுனெஸ்கோ அந்தப் பதிலையே தன் அறிக்கைக்குத் தலைப்பாக வைத்தது. 2021-இல் ஆப்பிள், ஆங்கிலச் சிரிக்குப் பெண்குரலைத் தானே வைப்பதை விட்டு, தேர்வைப் பயனரிடமே கொடுத்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். மலரை யாராவது திட்டினால் குழையாமல் பதில் சொல்லட்டும்.

அந்த 'பக்கத்துலதான் இருக்கேன்' வரியை இன்றைக்கே நீக்குங்கள். மலர் யார் பக்கத்திலும் இல்லை. நீங்களும்தான். அம்மாவுக்கு அடுத்த டயாலிசிஸ் என்றைக்கு? தெரியாவிட்டால் அக்காவைக் கேட்டு லீவு போடுங்கள். அன்றைக்கு அக்கா வீட்டில் தூங்கட்டும், குரூப்பில் செய்தியை நீங்கள் போடுங்கள்.