சிங்க் அடைப்பும் நிறுத்திய வாடகையும்

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் தரைத்தளத்தில் 2016 முதல் வாடகைக்கு இருக்கிறோம். ஹவுஸ் ஓனர் மாடியில் இருக்கிறார். வாடகை 14,000 ரூபாய். கிச்சன் சிங்க் மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் என் செலவில் ஆள் வைத்து எடுக்கிறேன். தரைக்கு அடியில் போகும் பைப்புக்கு வாட்டம் (சரிவு) சரியில்லை, மாற்ற 18,000 ஆகும் என்கிறார் பிளம்பர். ஓனரிடம் சொன்னால், "உங்கள் வீட்டு எண்ணெயும் சோறும்தான் காரணம்" என்று உறவினர்கள் முன்னால் என் மனைவியைத் திட்டினார். எட்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வாடகை கொடுத்தவர்களுக்கு இதுதான் மரியாதையா? மாடியில் பாத்திரம் கழுவினால்கூட எங்கள் சிங்க்கில் தண்ணீர் மேலே வருகிறது. பைப்பை மாற்றும்வரை வாடகையை நிறுத்தி அட்வான்ஸில் கழிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சரியா?

பதில்: திட்டியது, மரியாதை, ஒழுங்காகக் கொடுத்த வாடகை எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். அவற்றால் வழக்கில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் முக்கியம்: மாடியில் கழுவினால் உங்கள் சிங்க்கில் தண்ணீர் ஏறுகிறது.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது, எந்த ரிப்பேர் யாருடையது என்று இரண்டாம் அட்டவணையில் பிரித்திருக்கிறது. சாக்கடை அடைப்பு எடுப்பது வாடகைதாரர் வேலை. பைப் மாற்றுவது ஓனர் வேலை. இதுவரை நீங்கள் செலவழித்தது உங்கள் கணக்குதான், அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். ஆனால் மாடித் தண்ணீர் கீழே ஏறுகிறது என்றால் அடைப்பு உங்கள் சிங்க்கில் இல்லை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான லைனில் இருக்கிறது. உங்கள் வீட்டு எண்ணெய் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகும்.

அதை நிரூபிக்க வேண்டும். உங்கள் குழாயை மூடிவைத்து, மாடியில் தண்ணீர் விடும்போது சிங்க்கை வீடியோ எடுங்கள். பிளம்பரிடம் இனி 'அடைப்பு எடுத்தது, 800 ரூபாய்' என்று துண்டுச்சீட்டு வாங்காதீர்கள். அந்தச் சீட்டு ஓனருக்குத்தான் சாட்சி. வாட்டம் எங்கே கெட்டிருக்கிறது, எத்தனை அடி பைப் மாற்ற வேண்டும் என்று அவரையே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

இனி வாடகையை நிறுத்தும் யோசனை. வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதுதான். கோபத்தில், "பைப்பை மாற்றாமல் வாடகை கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தாக்கல் செய்யும் ஆவணமே அதுதான். ஓனர் சாக்கடையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். இரண்டு மாதம் காத்திருப்பார். அப்புறம் வாடகை பாக்கி என்று காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். அங்கே பைப், வாட்டம் எதையும் யாரும் கேட்கப்போவதில்லை. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களாகச் சொன்னால் செல்லாது, அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கலாம். 2016இல் குடிவந்தவர்கள். புதுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையரிடம் பதிவு செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய குடியிருப்புக்குப் புது ஒப்பந்தம் போடாததே 21ஆம் பிரிவில் வெளியேற்ற ஒரு காரணம். வாடகை பாக்கிகூடத் தேவையில்லை. இத்தனை வருடம் பழைய வாடகையில் இருக்கும் ஒருவரைக் கிளப்ப நினைக்கும் ஓனருக்கு இந்த அடைப்பு ஒரு நல்ல வாய்ப்பு. அதை நீங்களே தட்டில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

ஓனர் மறுத்தால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த மாதமும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்கள் கணக்கில் 7,000, 7,000, 4,000 என்று மூன்று மாதம். மீதியை அந்தந்த மாதம் வங்கி வழியாகக் கட்டியே ஆக வேண்டும். வாங்க மறுத்தால் ஆணையரிடம் செலுத்துங்கள். எழுத்தில் கேட்டு, அவர் மறுத்தது பதிவான பிறகே இதெல்லாம். செலவை ஏற்க அவர் மறுத்தாலும், தரையை உடைக்க மட்டும் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் கைவைக்காதீர்கள். டைல்ஸ் போனதற்கு நஷ்டஈடு கேட்பார், அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். அடைப்பு எடுக்க ஆசிட் ஊற்றுகிறீர்கள் என்றால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள். பைப் ஆசிட்டில்தான் போனது என்று சொல்ல அவருக்கு ஒரு பாட்டில் போதும். சாக்கடைச் சேம்பருக்குள் ஆளை இறக்கவே கூடாது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்கியவர் சிறைக்குப் போக நேரலாம். தெருச் சாக்கடையில்தான் பிரச்சினை என்றால் குடிநீர் வாரியத்தின் 1916க்குப் போன் போடுங்கள்.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள். 18,000 ரூபாய்க்கு வழக்கு என்றால் அலைச்சலும் வக்கீல் கட்டணமும் அதைத் தாண்டிவிடும், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஓனரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், மனைவியை அனுப்பாதீர்கள். வீடியோவைக் காட்டுங்கள். பைப் செலவு அவருடையது, உடைத்த இடத்தில் டைல்ஸ் போடும் செலவில் பாதி உங்களுடையது என்று ஆரம்பியுங்கள். பாதிக்குப் பாதி என்று அவர் இறங்கினாலும் ஒப்புக்கொள்ளுங்கள். வாடகையை ஏற்றிக் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். நியாயமான தொகை என்றால் தலையாட்டிவிட்டு, அதே உட்காரலில் புது ஒப்பந்தமும் போட்டுப் பதிவு செய்யுங்கள். தரைக்கு அடியில் போகும் பைப் ஓனர் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். இந்த மாத வாடகையை 5ஆம் தேதிக்குள் முழுசாகக் கட்டிவிட்டுப் பேசப் போங்கள்.