ஊர்சுற்றி பதில்கள்: டோக்கியோவில் ஒரு வெள்ளைக்கார பங்களா

கேள்வி: மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். உயேனோ பக்கம் ‘பழைய இவாசாகி மாளிகை’யை அவசியம் பார்க்கணும் என்கிறான். படத்தில் பார்த்தால் அச்சு அசல் வெள்ளைக்காரன் பங்களா. நாயக்கர் மஹாலை எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் போய்ப் பார்த்துவிடலாம். இந்த பங்களாவைப் பார்க்கவா ஜப்பான் வரை போகணும்?
— வாசகி, சிம்மக்கல்

பதில்: இதையேதான் நானும் கேட்டேன். இரண்டு வருஷம் முன்பு மகள் அங்கே கூட்டிப்போனபோது, வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டேன். பாதிக் காரணம் வீடு. மீதிக் காரணம் என் காலுறை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வீட்டைக் கட்டியது 1896-ல். சொந்தக்காரர் இவாசாகி ஹிசாயா, மிட்சுபிஷியைத் தொடங்கியவரின் மூத்த மகன். வரைந்தவர் ஜோசையா காண்டர் என்ற ஆங்கிலேயர். 1877-ல், 24 வயதில், கட்டடக்கலை சொல்லிக்கொடுக்க ஜப்பான் அரசு அழைத்து வந்தவர். டோக்கியோ ரயில் நிலையத்தை வடிவமைத்த தாட்சுனோ கிங்கோ இவருடைய மாணவர்தான். வந்த மனிதர் திரும்பிப் போகவில்லை. ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, ஜப்பானிய ஓவியமும் கற்று, 1920-ல் டோக்கியோவிலேயே காலமானார்.

பார்க்கக் கல் கட்டடம் மாதிரி இருந்தாலும் முழுக்க மரவீடு. முன்பக்கம் பழைய இங்கிலாந்து பாணி. தோட்டத்துப் பக்கம் போனால் கீழும் மாடியுமாக நீளமான தாழ்வாரம், வரிசையாகத் தூண்கள். வெயில் ஊர்களில் வெள்ளைக்காரர்கள் குடியிருந்து பழகிய பிறகு கட்டிக்கொண்ட சமாச்சாரம் அது. குளிரில் கை விறைக்க அங்கே நின்றபோது, நம் கலெக்டர் பங்களாதான் ஞாபகம் வந்தது.

மாடியில் ஒரு அறையின் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். பொன் பூசிய தோல் ஒட்டியது போல, பூவும் கொடியும் புடைத்துக்கொண்டு மினுமினுக்கும். தோலே இல்லை, காகிதம்! ஐரோப்பியப் பணக்காரர்கள் சுவரில் ஒட்டிய பொன்தோலைப் பார்த்து, ஜப்பானியர்கள் தங்கள் கைக்காகிதத்தில் உலோகத்தகடு ஒட்டி, செதுக்கிய மர உருளையில் வைத்துத் தட்டித்தட்டி எழுப்பியது. அரக்குப் பூச்சும் உண்டு. இந்த நகல் அப்புறம் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியானது. நான் ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றேன். தொடக் கூடாது, கை பரபரக்கும், பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

பலரும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படியே பின்பக்கம் நடந்து போங்கள். மரத்தரை முடிந்து ததாமி பாய் தொடங்கும். அதுதான் ஜப்பானிய வீடு, அந்தக் குடும்பம் நிஜமாகவே குடியிருந்த இடம். முன்னால் உள்ள பங்களா விருந்துக்கும் விருந்தாளிக்கும்தான். நம் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்குமாக முகப்பு அசத்தும். ஆச்சிமார் புழங்குவது இரண்டாம் கட்டுக்கு அப்புறம். இங்கேயும் அதே கணக்கு. முன்பு இருபது கட்டடங்கள் இருந்த வளாகம். இன்று மூன்றுதான் மிச்சம். ஜப்பானிய வீட்டிலும் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். எனக்கு அதுதான் வருத்தம். காட்டுவதற்குக் கட்டியது முழுசாக நிற்கிறது, வாழ்ந்த இடத்தில் துண்டுதான் மிச்சம்.

கேள்வி: எங்கள் காரைக்குடி வீட்டுச் சுவரில் தாத்தா காலத்து ஜப்பான் டைல்ஸ் இருக்கிறது. அந்த மாளிகையிலும் அதே மாதிரி உண்டா?
— வாசகர், காரைக்குடி

பதில்: கேட்டால் சிரிப்பீர்கள். அங்கே தாழ்வாரத் தரையில் பதித்திருப்பது இங்கிலாந்து மின்டன் டைல்ஸ்! உங்கள் தாத்தாவுக்கு ஜப்பான் சரக்கு ஒசத்தி, ஜப்பான்காரருக்கு இங்கிலாந்து சரக்கு ஒசத்தி. உங்கள் வீட்டுச் சுவரை பெயின்ட் அடித்து மூடிவிடாதீர்கள், அது போதும்.

கேள்வி: எனக்கு 68 வயது, முட்டி வலி. அந்த மாளிகைக்குப் போய்வர முடியுமா? டிக்கெட் எவ்வளவு?
— வாசகர், திருமங்கலம்

பதில்: யுஷிமா மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து பக்கம்தான், மெதுவாக நடந்தாலும் போய்விடலாம். நான் போனபோது 400 யென், 65 வயது தாண்டியவர்களுக்கு 200. மாடிக்குப் போக மரப்படிக்கட்டு. செதுக்கிய கைப்பிடியைப் பார்க்கிற சாக்கில் நின்று நின்று ஏறுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஜப்பானிய வீட்டில் மாட்சா டீயும் (பச்சைத் தேயிலைப் பொடியில் போடுவது) ஒரு இனிப்பும் விற்கிறார்கள். டீ கசப்பு, நம் நாக்குக்கு அந்த இனிப்பு இல்லாமல் இறங்காது. பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை தேவைப்படும், ஆளைக் கூட்டிப்போங்கள்.

அந்தக் காலுறைக் கதை: வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள். மீனாட்சி கோயில் மாதிரி டோக்கன் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பை தருவார்கள், நம் ஷூவை நாமே தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றணும். வருஷம் முழுக்க செருப்பு போட்டுத் திரிகிற ஆள் நான். கிளம்புகிற அன்று அவசரத்தில் வாங்கிய காலுறையில் இடது பெருவிரல் முழுசாக வெளியே. மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, நாலடி தள்ளி நடந்தாள். ஆகவே நல்லதாக இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். தரை சில்லென்று இருக்கும், கொஞ்சம் கெட்டியானதாக.