42,000 ஹிட்ஸ், 4 ஆர்டர்: எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி: சின்னாளப்பட்டியில் சுங்குடி சேலை விற்கிறோம். சொந்த வெப்சைட் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் அனுப்பிய ரிப்போர்ட்டில் போன மாதம் 42,000 ஹிட்ஸ் என்று இருந்தது. அவர் லேப்டாப்பில் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தபோது என் மகன் எட்டிப் பார்த்தான். 310 பேர்தான் வந்ததாகக் காட்டியதாம். ஆர்டரோ 4. இன்னும் 5,000 ரூபாய் தந்தால் மாதம் 10,000 பேரை வரவைக்கிறேன் என்கிறார். தரலாமா?

பதில்: தர வேண்டாம்.

இரண்டு எண்ணும் பொய்யில்லை, ஆனால் ஹிட் என்பது ஆள் கணக்கே இல்லை. உங்கள் பக்கத்தில் 30 சேலைப் படம் இருந்தால், ஒருவர் அதைத் திறந்ததும் 30 படமும் சர்வரிலிருந்து தனித்தனியாக இறங்கும். லோகோ, எழுத்துரு, அது இது என்று இன்னும் ஒரு 20 ஃபைல். ஒரே ஆள், ஒரே பக்கம், 50 ஹிட். கடைக்கு வந்தவர் பிரித்துப் பார்த்த ஒவ்வொரு சேலைக்கும் ஒரு வாடிக்கையாளர் என்று நோட்டில் எழுதுவதைப் போலத்தான். 42,000-ஐ 50-ஆல் வகுத்தால் 840 பக்கம். ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம் பார்த்திருந்தால் முந்நூறு, நானூறு பேர். மகன் பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஹோஸ்டிங்கோடு வரும், ஹிட்டை எண்ணும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனக்குத் தெரிந்த பாட்களை, அதாவது ஆள் இல்லாமல் தானாகப் பக்கம் திறக்கும் புரோகிராம்களை, ஒதுக்கிவிடும். குரோம் பிரவுசர் வேஷம் கட்டி வரும் பாட்டை ஆள் என்றே எண்ணும். அனலிட்டிக்ஸிலும் கூடக்குறைய இருக்கும். விளம்பரத்தைத் தடுக்கும் ஆட் பிளாக்கர் வைத்திருப்பவர் பலசமயம் அதில் விழமாட்டார். திண்டுக்கல்லில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் சென்னைக்காரராக விழுவதும் சகஜம். ஆனாலும் இரண்டில் அதைத்தான் நம்பலாம்.

சரி, அந்த 10,000 பேர் யார்? 5,000 ரூபாய்க்கு இத்தனை பேர் என்று உத்தரவாதம் தருகிறவர் விற்பது பெரும்பாலும் பாட்களை. சர்வரில் ஓடும் புரோகிராம் உங்கள் பக்கத்தைத் திறந்து மூடும், அவ்வளவுதான். அனலிட்டிக்ஸில் பார்த்தால் தங்கிய நேரம் ஒரு நொடி, ஊர் ஆஷ்பர்ன் என்று வரும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டேட்டா சென்டர்கள் குவிந்திருக்கும் ஊர் அது. அங்கே நம்மவர்களும் இருக்கிறார்கள்தான். அதற்காக ஒரே ராத்திரியில் நானூறு பேர் எழுந்து ஒரு நொடி மட்டும் சுங்குடி பார்ப்பார்களா?

இந்தப் போலிக் கூட்டம் வழக்கமாக ‘டைரக்ட்’ என்ற தலைப்பின் கீழ் வரும். அதற்காக டைரக்ட் எல்லாமே போலி என்று முடிவு கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் லிங்க்கைத் தட்டி வருபவர்களையும் அனலிட்டிக்ஸ் பல நேரம் டைரக்ட் என்றே போடும், எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவல் கூடவே வராததால். சேலை வியாபாரம் நிறைய வாட்ஸ்அப் குரூப்பில்தானே நடக்கிறது? உங்கள் 4 ஆர்டரும் அந்த வழியாகவே வந்திருக்கலாம். பிரித்துப் பார்க்க வழி உண்டு. கூகுளின் ‘கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர்’ என்ற இலவசப் பக்கத்தில் உங்கள் லிங்க்கைக் கொடுத்து, சோர்ஸ் என்ற இடத்தில் வாட்ஸ்அப் என்று போட்டால், வால் சேர்த்த புது லிங்க் தரும். இனி குரூப்பில் அதையே அனுப்புங்கள். அப்புறம் வாட்ஸ்அப் கூட்டம் தனி வரியாக வரும். டைரக்டில் மிச்சம் இருப்பதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

கூகுளும் நம்மை நிம்மதியாக விடுவதில்லை. பழைய அனலிட்டிக்ஸை 2023 ஜூலையில் நிறுத்தினார்கள். அடுத்த ஜூலையில் பழைய தரவையும் எடுத்துவிட்டார்கள். புதியதில், விரிவாக அலசிப் பார்க்கும் ‘எக்ஸ்ப்ளோர்’ பகுதிக்கான விவரங்கள், நீங்கள் சொல்லாவிட்டால், 2 மாதம்தான் இருக்கும். அட்மின் பகுதிக்குள் தேடிப்போய் 14 மாதம் என்று மாற்ற வேண்டும். சேலைக் கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? இந்தக் குழப்பம்தான் இடைத்தரகர்களுக்குப் பிழைப்பு.

எனக்கு உண்மையான கவலை வேறு. மகன் அவர் லேப்டாப்பை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது என்றால், அனலிட்டிக்ஸ் கணக்கு அவருடைய ஜிமெயிலில் இருக்கிறது. நாளைக்கு அவரை மாற்றினால் இத்தனை நாள் கணக்கும் அவரோடு போகும், நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். அதுவும் அவர் பெயரில் என்றால் கடைப் பெயர்ப்பலகையே அவருடையது; முதலில் அதை மாற்றி வாங்குங்கள். அனலிட்டிக்ஸில் நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர், அவர் வியூவர் அல்லது எடிட்டர்; இதில் பேரம் வேண்டாம்.

கூகுளின் இன்னொரு கருவியான சர்ச் கன்சோலையும் உங்கள் ஜிமெயிலில் சேர்க்கச் சொல்லுங்கள். எதைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்பது அதில் 16 மாதத்துக்குக் கிடைக்கும். 42,000 ஹிட்ஸ் ரிப்போர்ட்டைவிட உருப்படியான விஷயம்.

“ஆக்சஸ் தர முடியாது, எங்கள் கம்பெனி பாலிசி” என்று அவர் சொல்வார். இந்த மாதப் பணத்தை நிறுத்தி வையுங்கள். அனேகமாக ஆக்சஸ் வந்துவிடும்.